பத்துக்கு ரெண்டு

மலை நின்ற இடத்தில் பள்ளமும், தண்ணீர் நின்ற இடத்தில் மேடும் வந்துவிட்ட பிறகு நடந்தது இது. சேவுகன்பட்டிக்கு வடக்கே இருந்த மலையை வெடி வைத்துப் பிளந்து, பிளந்ததைச் சதுரமாக வெட்டி, வெட்டியதைப் பாலிஷ் பட்டறையில் வாள் வைத்து அறுத்து, அறுக்கிற வாள் சூடேறாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரோடு வழிந்த வெள்ளைச் சேற்றைக் கண்மாயில் விட்டுக்கொண்டே இருந்தார்கள். கண்மாய் நிரம்பிச் சேறு காய்ந்ததும் அது முகத்துக்குப் போடும் பவுடரைவிட மெல்லிசாகி, மேல்காற்று அடிக்கும்போதெல்லாம் எழும்பி வந்து, சோற்றுப் பானைக்குள்ளும் தொட்டில் பிள்ளையின் கண்ணுக்குள்ளும் உட்கார்ந்தது. ஊரார் அதற்குக் கல்மாவு என்று பெயர் வைத்தார்கள். மேயப் போன மாடுகள் அதில் வயிறு வரை இறங்கி, கத்திக் கத்தி, நின்றபடியே செத்திருக்கின்றன.

அந்த மாவை வீட்டுக்கு ஆகும் பொருளாக்கியவர் மஜீது ராவுத்தர். ஊர் எல்லையில் ஹாலோ பிளாக் கல் போடும் பட்டறை வைத்திருந்தார். கல்லூரிக்காரர்கள் வந்து மாவை அள்ளிப் போய், கட்டிகள் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மிசினில் வைத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, சிமெண்ட் பத்துப் பங்கு போடுகிற இடத்தில் எட்டுப் பங்கு போட்டு மீதி இரண்டுக்குக் கல்மாவு போடலாம், பலம் குறையாது, அதற்கு மேல் போனால் குறையும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ராவுத்தர் அந்த இரண்டை மூன்றாக்காத மனுசர். கலவை மிசினுக்குள் சட்டியைக் கவிழ்க்கும் சித்தாள் பெண்கள் வாய்விட்டு எண்ண வேண்டும் என்பது அவர் பட்டறையின் சட்டம். களத்தில் நெல் அளக்கிற வழக்கப்படி முதல் சட்டிக்கு லாபம் என்று சொல்லி, பிறகு ரெண்டு, மூணு, நாலு என்று ஏறும். ராவுத்தர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, காதாலேயே கணக்குப் பார்ப்பார். அந்தக் குரல்களில் எடுப்பானது அழகுநாச்சியின் குரல்.

அரசாங்கத் தொகுப்பு வீடுகள் வந்தபோது எல்லாம் ராவுத்தர் கல்லிலேயே எழும்பின. வடக்குத் தெரு முழுக்க எழும்பியது. புறக்காவல் நிலையத்துக்கு ஒரு புது அறையும் எழும்பியது. அழகுநாச்சி தானே கவிழ்த்த சட்டிகளால் ஆன சுவருக்குள் புருசனோடும் மகளோடும் குடிபோனாள்.

புருசன் வெள்ளைக்கண்ணு குவாரியில் தமர் அடிக்கிறவன், அதாவது பாறையில் வெடி வைப்பதற்கு ஓட்டை போடுகிறவன். பகல் முழுக்க அந்த மிசின் அவன் கையையும் தோளையும் போட்டு உதறும். சாயங்காலம் மிசின் நின்ற பிறகும் கை நிற்காது. மம்பட்டியிலிருந்து கழற்றி வைத்த மரப்பிடி, கணை என்பார்கள், ஒன்று கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கும். அவன் வீட்டில்தான் அப்படி என்று இல்லை, வடக்குத் தெருவில் கதவுக்குப் பின்னால் ஒன்றும் சாத்தி வைக்காத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குழம்பில் உப்பு தூக்கலாக இருந்ததற்காக, வெள்ளைக்கண்ணு கணையை எடுத்து மனைவியின் முதுகில் போட்டான். அழகுநாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தாள். வலி வரவில்லை. கணை முதுகில் பட்டது அவளுக்குத் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது, ஆனால் சத்தம் சுவரிலிருந்து வந்தது. அடுத்த வீட்டு ஒச்சம்மா அந்நேரம் தெருவில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண் முன்னாலேயே நாச்சி வீட்டுச் சுவரின் வெளிப்பக்கம், யாரும் தொடாமல், கணையின் அகலத்துக்கு ஒரு தடம் விழுந்து பூச்சு உதிர்ந்தது. பிறகு விழுந்த அடிகளுக்குச் சுவரில் ஒன்றும் ஆகவில்லை, உள்ளே நாச்சியின் அலறல் கேட்டது. கடைசியில் இன்னொரு தடம் விழுந்தது.

"ஒனக்குப் போட்ட அடியைச் செவுரு வாங்குதுடி நாச்சி" என்றாள் ஒச்சம்மா, வீங்கிய கைக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டபடி.

"முழுசும் வாங்கலையே மதினி."

"ராவுத்தர் பத்துக்கு ரெண்டுதானே போடச் சொன்னாரு."

நாச்சி விழுந்த அடிகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, ஆமாம், சரியாக இருக்கிறது என்றாள்.

அந்த வாரத்துக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிட்டது. கல்மாவு போட்ட சுவருக்குள் அடிக்கிற அடியில் பத்துக்கு இரண்டைச் சுவர் வாங்கிக்கொள்கிறது, வாங்கியதைத் தெருப்பக்கம் காட்டுகிறது. எந்த இரண்டு என்பதற்கு ஒழுங்கு கிடையாது. முதல் அடியாக இருக்கலாம், ஏழாவதாக இருக்கலாம். ஏன் வாங்குகிறது என்று மெனக்கெட்டு யாரும் கேட்கவில்லை. அந்த மலை எத்தனை வருசம் அடி வாங்கியது, அதற்கு அதுதான் தெரிந்த வேலை என்று கொத்தனார் சோலையப்பன் ஒருமுறை சொன்னான், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மற்றப் பேச்சுகள்தான் முடியவில்லை. ஞாயிறு சாராயம், திங்கள் காலையில் சுவரில் தெரிந்தது. பால்காரன் தடத்தைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் இன்றைக்குப் பால் கேட்க மாட்டார்கள் என்று சைக்கிளை மிதித்தான். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த பெண் வீட்டார் கிணறு உண்டா, மாடு உண்டா என்று கேட்பதை விட்டுவிட்டு, செவுத்துல எத்தனை பங்கு என்று கேட்டு, வெளிப்பக்கம் போய் விரலால் தட்டிப் பார்த்தார்கள். தெருப்பக்கத்துச் சுவர் அசிங்கமாகிறது என்று ஆண்கள் சோலையப்பனைக் கூப்பிட்டுத் தடங்களைப் பூசச் சொன்னார்கள். திங்கட்கிழமை தோறும் அவன் பூச்சுக் கரணையும் சட்டியுமாக வடக்குத் தெருவில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனான். அதற்குத் திங்கப் பூச்சு என்று பெயர் வந்தது. காவல் நிலையத்துப் புது அறையில் ஒரு ஆடு திருடனை விசாரித்தபோது சுவர் பொரிந்து விழுந்ததால், ஏட்டையா அதன் பிறகு விசாரணையைப் பழைய ஓட்டுக் கட்டடத்துக்கே மாற்றிக்கொண்டார்.

ஆண்கள் ஊர்ப் பொதுத் திடலான மந்தையில் கூடினார்கள். ஊர்ப் பெரியவரான அம்பலம் சிங்கப்பிடாரி நடுவில் உட்கார்ந்தார். அவர் வீடும் வடக்குத் தெருவில்தான்.

"அடிக்கிற அடி போய்ச் சேரலைன்னா குடும்பம் எப்படிங்க மாமா நடக்கும்?" என்றான் ஒருவன்.

"எம்புட்டுச் சேருது?"

"பத்துக்கு எட்டு."

அம்பலம் தரையில் குச்சியால் கோடு கிழித்துப் பார்த்தார். "அப்பப் பத்து சேரணும்னா பன்னெண்டரை அடிக்கணும்."

"அரை அடி எப்படி மாமா அடிக்கிறது?"

"கையை ஓங்கிட்டு நிப்பாட்டிக்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர, அன்றிலிருந்து பன்னிரண்டரைதான் ஊர்க் கணக்காக இருந்தது. பன்னிரண்டு அடி விழும், பிறகு ஒரு ஓங்கல். அந்த ஓங்கலுக்குத்தான் பிள்ளைகள் அதிகமாகப் பயந்தார்கள், ஏனென்றால் அது அடியாக மாறுமா மாறாதா என்று அடிக்கிறவனுக்கே தெரியாது.

தவசி என்ற ஒருவன் இந்தக் கணக்கெல்லாம் தனக்குச் சரிப்படாது என்று மனைவி வீரக்காளைத் தலைமயிரைப் பிடித்து, சுவர் இல்லாத தெருவுக்கு இழுத்து வந்து அடித்தான். தெருவில் வாங்கிக்கொள்ள எதுவும் இல்லாததால் எல்லா அடியும் அவளிடமே போய்ச் சேர்ந்தது. வலது கண் போயிற்று. ஊரே சுற்றி நின்று பார்த்தது. ஆனால் தெருவில் நடப்பதைக் கேள்விப்பட்டேன் என்று சொல்ல முடியாது, கண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். கண்ட செய்தி மறுநாள் வீரக்காளின் அண்ணன் தம்பிகளுக்குப் போயிற்று. அவர்கள் பட்டப்பகலில் டிராக்டரில் வந்து, தவசி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டம்ளரைப் பிடித்திருந்த கையை மணிக்கட்டோடு அரிவாளால் இறக்கிவிட்டு, டீக்கடைக்காரரிடம் டம்ளர் உடைந்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஆண்கள் மறுபடி வீட்டுக்குள் போய்விட்டார்கள். சுவருக்கு இரண்டு கொடுத்தாலும் பரவாயில்லை, உள்ளே அடித்தால் மச்சினன் வருவதில்லை.

அழகுநாச்சி இதையெல்லாம் பார்த்தபடி தன் பங்கை வாங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருந்த கவலை வேறு. மகள் அபிநயா பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும் என்று தாயும் மகளும் முடிவு செய்திருந்தார்கள். கல் லாரி வைத்திருந்த ஒருவரின் தம்பிக்குக் கொடுக்க வேண்டும் என்று வெள்ளைக்கண்ணு முடிவு செய்திருந்தான். பரீட்சைக்கு முந்தின வாரம், படிக்கப் போறேன்ப்பா, கல்யாணம் வேண்டாம் என்று அபிநயா அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அவன் அதுவரை மகளைத் தொட்டதில்லை. அன்று மூன்று அடி விழுந்தது. ஒன்றைச் சுவர் வாங்கியது. மற்ற இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து காறை எலும்பு ஒடிந்தது. அபிநயா தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதினாள்.

நாச்சி ராவுத்தரிடம் போனாள். "பாய், மாவை ஏத்திப் போட்டா என்ன ஆகும்?"

"கல்லு நொறுங்கும்."

"ஒரேயடியாவா?"

"ரெண்டுக்கு மேல ஏற ஏற நொறுங்கும். காலேஜ்ல மிசின்ல வச்சுக் காட்டுனாங்க, நானே பார்த்தேன். அஞ்சு போட்ட கட்டி பிஸ்கட் மாதிரிப் போச்சு. ஏம்மா கேக்குறே?"

"சும்மாதான் பாய்."

ராவுத்தர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெயில் படாத ஒரு மூலையைக் காட்டி, பழைய அச்சு ஒன்று அங்கே கிடக்கிறது, யாருக்கும் வேண்டாம், வேணும்னா எடுத்துக்க என்றார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சமையல்கட்டு எடுக்கலாம் என்று நாச்சி புருசனிடம் சொன்னாள். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் அடுப்புப் புகை அடித்துக்கொண்டு இருந்தால் நன்றாக இருக்காது என்றாள். வெள்ளைக்கண்ணுவுக்கு அது பிடித்தது. கூரைக்குத் தகரம் வேண்டாம் என்று அவனே குவாரியில் பேசி, ஓரம் உடைந்ததால் ஏற்றுமதிக்கு ஆகாமல் கிடந்த கற்பலகைகளை டிராக்டரில் ஏற்றி வந்து இறக்கினான். ஒவ்வொரு பலகையையும் தூக்க நாலு ஆள் வேண்டும். கல் மூடாக்கு, காலத்துக்கும் அசையாது என்று தெருவில் நின்று பெருமையாகச் சொன்னான்.

சுவருக்கான கல்லை நாச்சி வேலை முடிந்த பிறகு அந்தப் பழைய அச்சில் தானே போட்டாள். கையால் கலந்தாள். வாய்விட்டு எண்ணவில்லை. எட்டுப் பங்கு மாவு, இரண்டு பங்கு சிமெண்ட். கட்டுவதற்கு வந்த சோலையப்பன் முதல் கல்லைக் கையில் எடுத்ததும் நிறுத்தினான்.

"கல்லு மாவா உதிருதே ஆத்தா."

"சமையக்கட்டுத்தானேண்ணே."

"மேல கல்பலகை வருதாமே."

"அவருதான் கொண்டாந்து எறக்கியிருக்காரு."

சோலையப்பன் கல்லை இரண்டு முறை திருப்பிப் பார்த்தான். எத்தனையோ திங்கட்கிழமைகளில் அந்த வீட்டுத் தெருச்சுவரில் அவன் பூசிய பூச்சு அவன் கண்ணெதிரே இருந்தது. சாந்தை அள்ளிப் போட்டு, கல்லை வைத்து, கரணைப் பிடியால் தட்டாமல், உள்ளங்கையால் அழுத்தி உட்கார வைத்தான். அந்த அறை முழுவதையும் அப்படித்தான் கட்டினான், பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி.

பலகை ஏற்றுவதற்கு முன்னால் நாச்சி தனியாக உள்ளே நின்று, விளக்குமாற்றுக் கட்டையால் தன் தொடையில் தானே ஓங்கி அடித்துப் பார்த்தாள். வலிக்கவில்லை. வெளியே போய்ப் பார்த்தாள். கோதுமை மாவுச் சலிப்பு மாதிரி ஒரு பிடி கீழே கிடந்தது. கல்லில் ஒரு விரல் ஆழத்துக்குப் பள்ளம். இன்னும் நாலைந்து தடவை அடித்துப் பார்த்தாள். ஒன்று மட்டும் வலித்தது. பள்ளத்தில் ஈரச் சாந்தை அப்பி மூடிவிட்டு, சுவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்து, இது எத்தனை அடி தாங்கும் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

பால் காய்ச்சிய அன்று, சொந்தக்காரர்கள், அம்பலம், ஒச்சம்மா எல்லோரும் நிற்கும்போது, நாச்சி புருசனிடம் அவர்கள் காதில் விழும்படிச் சொன்னாள்.

"எங்க வேணாலும் அடிங்க. இந்தக் கட்டுக்குள்ள வச்சு மட்டும் கை ஓங்காதீங்க."

"ஏன், சாமி இருக்கோ?"

"அடுப்பு இருக்கு."

வெள்ளைக்கண்ணு அம்பலத்தைப் பார்த்துச் சிரித்தான். "பார்த்தீங்களா மாமா, சட்டம் போடுறா." அம்பலமும் சிரித்து, பாலைக் குடித்துவிட்டு, பன்னெண்டரை வெளியில அடிச்சுட்டு உள்ள வந்து சாப்பிடு மாப்ள என்றார்.

அவன் அந்தச் சொல்லைக் காப்பாற்றினான் என்றுதான் சொல்ல வேண்டும். ஆடி முடிந்து ஆவணி பிறக்கும் வரை சமையல்கட்டுக்குள் கை ஓங்கவில்லை. முன்கட்டில் ஓங்கினான், வாசற்படியில் ஓங்கினான். அந்த அறை பேசாமல் நின்றது.

லாரிக்காரர் வீட்டிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு. வெள்ளைக்கண்ணு கறி வாங்கிக் கொடுத்துவிட்டுக் குடிக்கப் போயிருந்தான். அவன் திரும்பி வந்தபோது உச்சி வெயில். வீட்டில் குழம்பு மணத்தது. மகளின் துணிகள் கொடியில் இல்லை.

"புள்ள எங்கடி?"

"பஸ் ஏத்தி விட்டாச்சு. நர்ஸ் படிப்பு. அங்கயே ஆஸ்டல்."

"யாரைக் கேட்டு?"

"அவளைக் கேட்டுத்தான்."

அவன் கதவுக்குப் பின்னாலிருந்து கணையை எடுத்தான். எப்போதும் அந்தச் சத்தம் கேட்டதும் நாச்சி தெருப்பக்கம் ஓடப் பார்ப்பாள், அவன் மறிப்பான். அன்று அவள் ஓடவில்லை. நடந்து பின்கட்டுக்குப் போய், சமையல்கட்டுக்குள் நுழைந்து, கொதிக்கிற சட்டியை இறக்கி வைத்து, தீயை இழுத்து அணைத்தாள். அவன் வாசல் நிலைக்கு அந்தப் பக்கம் ஒரு நொடி நின்றான். பால் காய்ச்சிய அன்று கேட்டது அவனுக்கு ஞாபகம் வந்திருக்கலாம். பிறகு தலையைக் குனிந்து உள்ளே வந்தான்.

முதல் அடி தோளில் விழுந்தது. வெளியே சுவரில் தடம் விழுந்து மாவு கொட்டியது. இரண்டாவது விலாவில். வெளியே மாவு கொட்டியது. மூன்றாவது அவளிடம் வந்து சேர்ந்து, இடது முட்டி இளகிப் போயிற்று. அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அதற்குப் பிறகு இன்னும் ஒன்று மட்டும் அவளிடம் வந்தது, மற்றவை எல்லாம் சுவருக்கே போயின. கணை விழுகிறது, ஆள் அசையவில்லை. வெள்ளைக்கண்ணுவுக்குக் கை ஓய ஆரம்பித்தது. பன்னிரண்டு முடிந்து கையை ஓங்கி, வழக்கப்படி நிறுத்தினான்.

"அம்புட்டுத்தானா?" என்றாள் நாச்சி.

அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. "என்னது?"

"தமர் அடிக்கிறவன்னு பேரு. பாறையில ஓட்டை போடுற கை, ஒரு பொம்பளை எலும்பு வரைக்கும் வர வழியில்லை. எங்க அப்பன் ஆடு வெரட்டுற கம்பு இதைவிட உறைக்கும்."

இருபது வருசமாக, போதும்யா, விட்டுருய்யா, காலைப் பிடிக்கிறேன் என்று மட்டுமே சொல்லிக் கேட்ட வாயிலிருந்து வந்த சொல் அது. அவன் கணையை இரண்டு கையாலும் பிடித்தான். மிசின் பிடிக்கிற மாதிரி காலை அகட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, இறக்கினான், இறக்கினான், இறக்கிக்கொண்டே இருந்தான். நாச்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் சொன்னாள். பத்துக்கு இரண்டு அவளிடம் வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தது, ஒன்று உதட்டைப் பிளந்தது, ஒன்று காதைக் கிழித்தது, ஆனால் ரத்தத்தைத் துப்பிவிட்டு அடுத்த சொல்லைச் சொன்னாள். அடிக்கு ஒரு சாணாக அவள் வாசலை நோக்கி நகர்ந்ததை அவன் கவனிக்கவில்லை. மேலே பலகைகள் முனகியதையும் கவனிக்கவில்லை. குவாரியில் வேலை செய்து அவனுக்குக் காது பாதிதான்.

வெளியே ஊர் கூடிவிட்டது. பின்பக்கச் சுவர் முழுவதும், யாரும் தொடாமல், கணையின் அகலத்துக்குத் தடம் தடமாக விழுந்து, மாவு தோரணம் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. கல்லின் உள்கூடு தெரிய ஆரம்பித்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அம்பலமும் வந்து நின்றார். ஒச்சம்மா சோலையப்பன் பக்கத்தில் போனாள்.

"செவுரு கரைஞ்சு போச்சேண்ணே."

"தெரியுது."

"அவ புருசனைக் கூப்பிட்டுச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்ல?"

"அடிக்காதன்னு."

சோலையப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரையே பார்த்தான். "அதை நாம எப்பத் தாயி சொல்லியிருக்கோம்?"

அம்பலம் காதில் அது விழுந்தது. அவர் துண்டை எடுத்து மறு தோளில் போட்டார். இத்தனை வருசமும் உள்ளே கேட்ட சத்தத்துக்கு யாரும் போனதில்லை, அன்றும் யாரும் போகவில்லை.

உள்ளே நாச்சி நிலைக்கு வந்துவிட்டாள். இடது கை நிலையைப் பிடித்திருந்தது. வெள்ளைக்கண்ணு அறையின் நடுவில் நின்று, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, கணையைத் தலைக்கு மேல் ஓங்கியிருந்தான்.

"நிப்பாட்டிக்கிட்டா பொழைச்சுக்குவீங்க" என்றாள் நாச்சி. இது மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

அவன் நிறுத்தவில்லை. கணை இறங்கி அவள் நெஞ்சில் பட்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்சுவர் உட்கார்ந்தது. சாயவில்லை, வெடிக்கவில்லை, அரிசி மூட்டையின் வாய் அவிழ்ந்தது மாதிரி அப்படியே இறங்கியது. பலகைகள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன, அவன் பேசி, அவன் ஏற்றி, அவன் இறக்கிய பலகைகள். நாச்சி வெளியே விழுந்தாள். வாசலுக்கு மேலிருந்த லிண்டல் இறங்கி அவள் இடது கையின் மூன்று விரல்களை நிலையோடு வைத்துக்கொண்டது.

மாவு எழுந்து ஊர் முழுவதையும் மூடியது. ஆண் யார், பெண் யார், அம்பலம் யார் என்று தெரியாமல் எல்லோரும் வெள்ளையாக நின்றார்கள். அடங்கியதும் கடப்பாரை கொண்டுவந்து பலகைகளை நெம்பித் தூக்கினார்கள். நாலு ஆள் தூக்குகிற பலகைக்கு அன்று எட்டு ஆள் வேண்டியிருந்தது. அடியில் கிடந்தவனை வாரிக் கோணியில்தான் எடுக்க முடிந்தது. கணை ஒடியாமல் இருந்தது. ஒச்சம்மா அதை எடுத்துப் போய் இரண்டாக முறித்து அடுப்பில் வைத்தாள்.

விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். யார் அடித்தது என்று கேட்டார். அவருதான் அடிச்சாரு என்றாள் நாச்சி, துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு. சுவர் ஏன் விழுந்தது என்று கேட்டார். அதற்குச் சோலையப்பன் பதில் சொன்னான்.

"கை ஓங்காத வரைக்கும் நூறு வருசம் நின்னிருக்குங்கய்யா. கட்டுன எனக்குத் தெரியும்."

"அவனுக்கு அது தெரியாதா?"

"பால் காய்ச்சுன அன்னிக்கே சொல்லிட்டாங்க. அம்பலம்கூட இருந்தாரு."

இன்ஸ்பெக்டர் அம்பலத்தைப் பார்த்தார். அம்பலம், ஆமாம், சொல்லுச்சு, நாங்கதான் சிரிச்சோம் என்றார். ராவுத்தர் பட்டறைக்கும் போனார்கள். பழைய அச்சு கழுவி வைக்கப்பட்டிருந்தது. பட்டறைக் கல்லை இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தார்கள், உடையவில்லை. இன்ஸ்பெக்டர் புறப்படும்போது தன் நிலையத்துப் புது அறையின் சுவரையும் வெளியே நின்று ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

புண் ஆறியதும் நாச்சி வேலைக்குத் திரும்பினாள். மிச்சமிருந்த இரண்டு விரலால் சட்டியின் விளிம்பைப் பிடித்து, வலது கையால் தாங்கித் தலைக்கு ஏற்றினாள். மிசினுக்கு முன்னால் வந்து சட்டியைக் கவிழ்த்தாள். லாபம் என்று சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் வந்த பெண் ரெண்டு என்று சொல்லவில்லை. வீரக்காளும் இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறாள், அவளும் ஒற்றைக் கண்ணால் சட்டியைப் பார்த்தபடி வந்து கவிழ்த்துவிட்டுப் போனாள். மிசின் மட்டும் சத்தம் போட்டது. ராவுத்தர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்தவர், சற்று நேரம் காதைக் கொடுத்துப் பார்த்தார், பிறகு கண்ணைத் திறந்து, எழுந்து, தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் யாரும் எண்ணவில்லை. வேறு ஊர்ப் பட்டறைகளிலும் எண்ணுவதை விட்டுவிட்டார்கள் என்று கேள்வி.

இரண்டு வருசம் கழித்து அம்பலம் மகனுக்கு மாடி வீடு கட்டினார். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடுகிற அன்று, வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மிசின் பக்கத்திலேயே நின்றார். ஜல்லி போயிற்று, மணல் போயிற்று, சிமெண்ட் போயிற்று, வெள்ளை மாவும் போயிற்று. பெண்கள் வரிசையாக வந்து வந்து கவிழ்த்தார்கள், ஒருத்தி வாயும் அசையவில்லை. அம்பலம் தானே விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், நடுவில் குழம்பிவிட்டது. கடைசியில் நாச்சியை மறித்தார்.

"எத்தனை சட்டி மாவு போட்டீங்க ஆத்தா?"

"எண்ணலையே மாமா."

"ஒரு உத்தேசமாவாவது சொல்லு."

"எண்ணுறதை விட்டு நாளாச்சு மாமா" என்று சொல்லி, நாச்சி காலிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மணல் குவியலுக்குப் போனாள்.

அந்த வீட்டில் மகனும் மருமகளும் இன்றும் இருக்கிறார்கள். ஒருநாள் சாப்பிடும்போது ஏதோ பேச்சு வளர்ந்து மகன் கை ஓங்கினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்பலம் மருமகளைப் பார்க்கவில்லை, மகனைப் பார்க்கவில்லை, சோற்றுக் கையோடு அண்ணாந்து மேல்தளத்தைப் பார்த்தார். மகனும் பார்த்தான். வெகுநேரம் இரண்டு பேரும் அப்படியே மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மகன் கையை இறக்கி, மோர் ஊற்றச் சொன்னான்.